செப்டிக் டேங்க் போட்டு 9 வருடம்: தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் விஷயம்

பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் வீடு கட்டினோம். ஐந்து பேர் இருக்கும் வீடு. செப்டிக் டேங்க் போட்டு 9 வருடம் முடிந்துவிட்டது. இதுவரை இரண்டு முறை கசடு எடுத்திருக்கிறோம். ஒரு முறை, தொட்டியிலிருந்து வெளிவரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழியையே கைவிட்டு வேறு ஏற்பாடு செய்தோம். அந்தச் செலவும் அலைச்சலும் இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கான்கிரீட்டா, ஃபைபரா, பிளாஸ்டிக்கா, எத்தனை லிட்டர் என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். உறிஞ்சு குழி எங்கே என்பதை மட்டும் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்தேன். வீட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது, அங்கேயே தோண்டச் சொல்லிவிட்டேன். தப்பு நடந்தது அங்கேதான்.

முதலில் தொட்டியைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லிட்டர் என்று வைத்தால் எங்களுக்கு 600 லிட்டர். உள்ளே வருகிற தண்ணீர் குறைந்தது 24 மணி நேரமாவது அசையாமல் தங்க வேண்டும். அப்போதுதான் கனமானது அடியில் கசடாகப் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடு கட்டும், நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். சில வருடக் கசடு சேரவும் இடம் வேண்டும். அதனால் 3000 லிட்டர், தண்ணீர் நிற்கும் ஆழம் 120 செ.மீ., இரண்டு அறைகள் என்று கட்டினோம். முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு. மழைக்காலத்தில் எங்கள் மனையில் நிலத்தடி நீர் நன்றாக மேலே வரும். அப்படிப்பட்ட மண்ணில் எடை குறைந்த பிளாஸ்டிக் தொட்டியைச் சரியாகப் பிணைக்காமல் புதைத்தால், காலி செய்யும்போது அது மிதந்து எழும்பிவிடும். கான்கிரீட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம்.

வெளியே போகும் வாயில் டி பைப் வைக்கச் சொன்னபோது கொத்தனார், “நேர் பைப்பே போதும் தம்பி, தண்ணி போகாமலா இருக்கும்?” என்றார். தண்ணீர் போகும், கூடவே மேலே மிதக்கும் ஏடும் போய்விடும். டி பைப்பின் கீழ்க்கால் ஏட்டைத் தாண்டி நடுவிலுள்ள தெளிந்த நீருக்குள் இறங்கி நிற்பதால்தான் அது மட்டும் வெளியேறுகிறது. இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

கட்டி முடித்ததும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் ஊறவிட்டு, மறுபடி நிரப்பிச் சுவரில் கோடு போட்டேன். அடுத்த நாள் 4 செ.மீ. இறங்கியிருந்தது. மூலையில் பூச்சு சரியில்லை. திரும்பப் பூசிய பிறகுதான் கோடு அப்படியே நின்றது. “எங்கள் டேங்க் 20 வருடமாக நிரம்பவே இல்லை” என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். ஒழுகாத தொட்டியில் வெளி வாய் மட்டம் வரை எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அது நேராக நிலத்துக்குள், யாரோ குடிக்கும் கிணற்றை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டாவது மழைக்காலத்தில் வந்தது வினை. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் களகளவென்று சத்தம், உள்ளே இறங்க மறுத்தது. தொட்டி நிறைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் வெளி வாயையும் மூழ்கடித்து நின்றது. உறிஞ்சு குழியில் ஊற்று நீர் ஏறியிருந்தது. உறிஞ்ச வேண்டிய குழிக்குள் வெளியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மனையில் மூன்று இடங்களில் ஓரடி அகலத்துக்குக் குழி தோண்டி, இரவு முழுக்கத் தண்ணீர் ஊறவிட்டு, காலையில் மறுபடி 15 செ.மீ. நிரப்பி, அளவுகோலும் கடிகாரமுமாக உட்கார்ந்தேன். தோட்டத்துப் பக்கம் 25 மி.மீ. இறங்க 8 நிமிடம் ஆனது. வீட்டுக்குப் பின்னால், நான் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்த அதே இடத்தில், ஒரு மணி நேரம் தாண்டியும் இறங்கவில்லை. வழவழவென்று களிமண். அங்கே எவ்வளவு பெரிய குழி போட்டிருந்தாலும் பயனில்லை. நேர்மாறாக, ஓரிரு நிமிடத்தில் இறங்கிவிடும் மண்ணும் ஆகாது. அங்கே தண்ணீர் வடிகட்டப்படாமலே கீழே போய்விடும்.

தோட்டத்துப் பக்கம் 18 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலத்தில் இரண்டு வாய்க்கால்கள் தோண்டி, ஜல்லி பரப்பி, துளையிட்ட 4 அங்குலக் குழாய் பதித்து, மேலே வடிதுணி விரித்து மண் மூடினோம். ஆழக் குழியை விட இது மேலோட்டமாக இருப்பதால் நிலத்தடி நீருக்கும் இதற்கும் நடுவே மண் மிஞ்சுகிறது. கிருமிகளை வடிகட்டுவது அந்த மண்தான். தொட்டியிலிருந்து வெளிவரும் நீர் பார்க்கத் தெளிவாக இருக்கலாம், ஆனால் சுத்தமான நீர் இல்லை. கிணற்றிலிருந்து 30 மீட்டர் தள்ளியே வைத்தோம். ஏழு வருடமாக ஒரு மழைக்காலத்திலும் அடைப்பு இல்லை.

மொட்டைமாடி மழைநீரை இதில் விடுவதில்லை. சமையலறைக் கழிவுக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து நிறுத்தும் எண்ணெய்ப் பொறி ஒன்று வைத்திருக்கிறோம், மாதம் ஒரு முறை கழுவுவோம். அடைப்பு நீக்கும் ஆசிட் வீட்டுக்குள்ளேயே வராது, அது தொட்டியில் வேலை செய்யும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பாக்டீரியாப் பொடி என்று விற்பதையும் நான் வாங்கியதில்லை. தேவையான பாக்டீரியா கழிவிலேயே இருக்கிறது.

கசடு எப்போது எடுப்பது என்பதற்கு ஒரு நீளக் குச்சி போதும். கீழ்ப்பாதியில் வெள்ளைத் துணி சுற்றி, மூடி வழியாக அடிவரை மெதுவாக இறக்கி, கொஞ்சம் நிறுத்தி மேலே எடுக்க வேண்டும். துணியில் கறுப்பாக ஒட்டியிருப்பதுதான் கசடு. நான்காம் வருடம் அது 34 செ.மீ. இருந்தது, மேலே ஏடு 7 செ.மீ. இரண்டும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதால் உறிஞ்சும் லாரியை வரவழைத்தோம். எட்டாம் வருடம் மறுபடியும்.

வண்டி வந்தாலும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தொட்டிக்குள் யாரையும், எந்த அவசரத்துக்கும், இறங்க விடாதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும், காப்பாற்ற இறங்குபவரும் பல நேரம் பிழைப்பதில்லை. மூடிகளைத் தரைமட்டம் வரை உயர்த்திக் கட்டினால் குழாயை வெளியிலிருந்தே விடலாம், இறங்க வேண்டிய தேவையே வராது. குழந்தைகள் தூக்க முடியாத கனத்தில் மூடி போடுங்கள்.

போன வாரம் குச்சி விட்டுப் பார்த்தேன். கசடு 9 செ.மீ.தான் இருந்தது. மூடியை மூடி, தேதியோடு அளவை வீட்டின் உட்பக்கச் சுவரில் எழுதிவைத்தேன். பழைய அளவுகளும் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன.