கம்பிக் குரோஷே பெட்டி வாங்குவதற்கு முன் வீட்டில் ஒரு காந்தம் இருக்கிறதா என்று பாருங்கள்

குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னும் வேலை, எனக்குப் புதிதல்ல. பத்தாம் வகுப்பு விடுமுறையில் கான்வென்ட் சிஸ்டர் ஒருவரிடம் கற்றுக்கொண்டது. மேசை விரிப்பு, வாசல் தோரணம், டி.வி. உறை (டி.வி.க்கும் உறை போட்ட காலம் ஒன்று இருந்தது), அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குத் தொப்பி என்று இருபத்தெட்டு வருடமாகக் கையிலிருந்து ஊசி இறங்கியதில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இவ்வளவு பழகிய கையையே மூன்று வாரம் சந்தேகப்பட வைத்துவிட்டார் ஒருவர். அவரிடம் நீங்களும் சிக்கிக்கொள்ளக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இன்ஸ்டாகிராமில் ஒரு படம் பார்த்தேன். மயிரிழைபோன்ற செம்புக் கம்பியில் சங்கிலி சங்கிலியாகப் பின்னிய ஐந்து சரக் கழுத்தணி. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பாசிமணி. கம்பி கண்ணுக்கே தெரியவில்லை, மணிகள் மட்டும் கழுத்தைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தன. நூலில் போடும் அதே சங்கிலித் தையல்தான். மணிகளையெல்லாம் முதலிலேயே கம்பியில் கோத்து வைத்துக்கொண்டு, பின்னும்போது ஒவ்வொன்றாக ஊசிக்கு அருகே தள்ளிக் கண்ணிக்குள் அடக்கவேண்டும், அவ்வளவுதான். இதைக்கூடச் செய்யமாட்டோமா என்று தோன்றியது. கை துறுதுறுத்தது.

அந்தப் பக்கத்திலேயே பெட்டியும் விற்றார்கள். 28 கேஜ் (கம்பியின் கனத்தைச் சொல்லும் எண்) சுத்தச் செம்புக் கம்பி நான்கு சுருள், ஜப்பான் கண்ணாடி மணி ஆறு நிறம், ஊசி ஒன்று, பன்னிரண்டு காணொளிப் பாடம், சந்தேகம் கேட்க வாட்ஸ்அப் குழு. எல்லாம் சேர்த்து 2,350 ரூபாய். ஒரு தனிநபரின் கைப்பேசி எண்ணுக்கு யு.பி.ஐ.யில் பணம் அனுப்பினேன். கடையின் பெயரில் கணக்கு இல்லையே என்று அப்போதே உறுத்தியது. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்ணாக இருக்கும், நாமே ஆதரிக்காவிட்டால் யார் ஆதரிப்பார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் பெட்டி வந்தது. பார்வைக்கு அழகுதான். சணல் கயிறு கட்டி, உள்ளே காய்ந்த ரோஜா இதழ்கூடப் போட்டிருந்தார்கள்.

பின்ன உட்கார்ந்த முதல் நாளே கம்பி ஊசியோடு மல்லுக்கு நின்றது. கண்ணி வளையவில்லை. வளைத்தால் மூலை விழுந்தது. விரலால் அழுத்தி ஊசியை உள்ளே விட்டு இழுத்தால் ஆட்காட்டி விரலில் கோடு கோடாகச் சிவந்தது. பன்னிரண்டு கண்ணி போடுவதற்குள் இரண்டு முறை ஒடிந்தது. பிரித்துப் போடலாம் என்றால், நூல்போலப் பிரிகிற சாமானா அது? கம்பியை ஒரு முறை வளைத்தால் வளைத்த இடம் இறுகிவிடும், திரும்பவும் நிமிர்த்தி வளைத்தால் அங்கேயே முறியும். எந்தக் கம்பிக்கும் அதுதான் குணம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம் என் கைக்கு இது வரவில்லை என்பது மட்டுமே.

குழுவில் கேட்டேன். பதில் உடனே வந்தது: “நூல் பின்னிப் பழகியவர்களுக்குக் கை இறுக்கமாக இருக்கும் மேடம். கை பழகினால் சரியாகிவிடும்.”

நம்பிவிட்டேன். நம்பும்படியான பேச்சுத்தானே? நூலில் நான் கொஞ்சம் இறுக்கமாகப் பின்னுகிறவள்தான். கம்பி நூலைப்போல நெகிழாது, தளரத்தான் விடவேண்டும் என்பதும் உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால்தான் பொய் ஒளிந்துகொண்டிருந்தது. வத்தல் போட்டுப் பழகியவளிடம் சொத்தை மிளகாயை விற்க முடியாது. அரிசியில் கல் கிடந்தால் அடுப்பு மூட்டத் தெரிந்த எவளும் கேட்டுவிடுவாள். ஆனால் புதிதாக ஒரு வேலையைத் தொடுகிறவளுக்குக் குறை சாமானிலா கையிலா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. அவள் தன் கையைத்தான் பழிப்பாள். இந்த வியாபாரம் முழுக்க அதை நம்பித்தான் நடக்கிறது. குழுவில் என்னைப்போல நாற்பது பெண்களாவது இருந்தோம். அத்தனை பேரும் ‘இன்னும் கை வரவில்லை’ என்றுதான் எழுதிக்கொண்டிருந்தோம். ஒருத்தியாவது ‘கம்பி சரியில்லை’ என்று எழுதவில்லை.

பாடக் காணொளிகளையும் சொல்லிவிடுகிறேன். யாரோ ஒரு வெளிநாட்டு அம்மாள் பின்னுகிறார். வாய் அசைகிறது, குரல் இல்லை. குரல் இருக்கவேண்டிய இடத்தில் வீணை இசை. பன்னிரண்டில் ஏழு, யூடியூபில் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடியவை என்று பிறகு தேடிக் கண்டுபிடித்தேன்.

மூன்று வாரம் போராடி ஒரு கைவளையம் முடித்தேன். நான்கு நாள் போட்டிருந்தேன். பாத்திரம் கழுவும்போது கழற்ற மறந்துவிட்டேன். ஐந்தாம் நாள் மணிக்கட்டில் பழுப்பாக ஒரு வரி தெரிந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போயிற்று. மறுநாள் மீண்டும் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணி வளைகிற இடங்களிலெல்லாம் செம்பு நிறம் பொரிந்து, உள்ளிருந்து துரு எட்டிப் பார்த்தது. செம்பு துருப்பிடிக்குமா? களிம்புதானே ஏறும்?

எங்கள் தெருமுனையில் மோட்டார் வைண்டிங் கடை ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூரில் அது இல்லாத தெருமுனை குறைவு. கடைக்காரத் தம்பி நாள் முழுக்கச் செம்புக் கம்பியோடு வாழ்கிறவர். சுருளை நீட்டினேன். வாங்கியவர் கம்பியைப் பார்க்கக்கூட இல்லை. மேசையில் கிடந்த பழைய ஸ்பீக்கர் காந்தத்தின் பக்கம் கொண்டுபோனார். சுருள் டப்பென்று போய் ஒட்டிக்கொண்டது.

“அக்கா, இது இரும்பு. மேலே செம்பு முலாம் பூசியிருக்கிறார்கள்,” என்றார். பிறகு மைக்ரோமீட்டரை எடுத்துக் கம்பியை இடுக்கில் வைத்துத் திருகினார். “அரை மில்லிமீட்டர். இதை வைத்தா நகை பின்னினீர்கள்?”

28 கேஜ் என்றால் 0.32 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். எனக்கு வந்தது ஏறக்குறைய 24 கேஜ். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். புதிதாக வருகிறவர்கள் குழம்புகிற இடமும் ஏமாறுகிற இடமும் இதுதான். மைக்ரோமீட்டர் இல்லாவிட்டாலும் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். பென்சிலில் கம்பியை இடைவெளி விடாமல் இருபது சுற்றுச் சுற்றி, சுற்றிய அகலத்தை ஸ்கேலால் அளந்து இருபதால் வகுத்தால் போதும். 28 கேஜுக்கு ஆறரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். எனக்குப் பத்து மில்லிமீட்டர் வந்தது. பள்ளிக்கூடப் பரிசோதனைக் கூடத்தில் செய்ததுதான், மறந்தே போயிருந்தேன்.

மணியின் கதை சின்னது. பஞ்சில் நகப்பூச்சு அகற்றும் திரவத்தைத் தொட்டு ஒரு நீல மணியைத் துடைத்தேன். பஞ்சு நீலமாயிற்று, மணி வெறும் கண்ணாடியாயிற்று. பாதி மணிகளில் துளையையே பூச்சு அடைத்திருந்தது.

படங்களோடு பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “பெட்டியைத் திறந்துவிட்டால் திரும்ப எடுக்கமாட்டோம்” என்று பதில். திறக்காமல் கம்பியை எப்படிச் சோதிப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. குழுவிலிருந்து நீக்கினார்கள். நீக்குவதற்கு முன் அந்தக் காந்தப் படத்தைக் குழுவில் போட்டுவிட்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி. அன்றிரவே ஐந்து பேர் தனியாக எழுதினார்கள். ஐந்து வீட்டிலும் சுருள் காந்தத்தில் ஒட்டியிருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். மரியாதையாகப் பேசினார்கள். முதல் கேள்வி, விற்பனையாளரின் பெயரும் முகவரியும் என்ன? என்னிடம் இருந்தது ஒரு கைப்பேசி எண்ணும் பூப் படம் போட்ட பக்கப் பெயரும் மட்டுமே. பார்சலில் அனுப்பியவர் முகவரி என்று இருந்தது கூரியர் முன்பதிவுக் கடையின் முகவரி. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி இணையத்தில் விற்கிறவர் பெயர், முகவரி, குறை கேட்கும் அலுவலர் யார் என்பதையெல்லாம் வெளிப்படையாகப் போடவேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததென்று ஒப்புக்கொள்ளவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். பழுதான பொருளைத் திரும்ப எடுக்கமாட்டேன் என்று சொல்லவும் கூடாது. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லாமல் வழக்குப் போடலாம். எல்லாம் சரி, யார்மேல் போடுவது? முகவரி எங்கே என்று பணம் அனுப்புவதற்கு முன்னால் பார்த்திருக்கவேண்டியவள் நான். புகார் பதிவாகி எண் கிடைத்திருக்கிறது. பணம் வரவில்லை.

கம்பிக் குரோஷேயை நான் விட்டுவிடவில்லை. வைண்டிங் கடைத் தம்பியே நூறு கிராம் எனாமல் பூசிய செம்புக் கம்பி கொடுத்தார். அவர்கள் வேறு கேஜ் கணக்கில் பேசுகிறார்கள், அவர்களின் 30-தான் நமக்கு வேண்டிய கனம். ஆகவே எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லிக் கேளுங்கள். நூறு கிராமில் நூற்று நாற்பது மீட்டர் போல வரும். பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. 2.5 மில்லிமீட்டர் எஃகு ஊசியில் முதல் கண்ணி போட்டபோது கம்பி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வளைந்தது. அரை மணி நேரத்தில் ஒரு சாண் நீளம். என் கை இறுக்கமாகவே இல்லை.

போன வாரம் தங்கை ஒரு பக்கத்தை அனுப்பி, “அக்கா, இது நன்றாக இருக்கிறதே, வாங்கலாமா?” என்று கேட்டாள். பெயர் வேறு, பூவுக்குப் பதில் மயிலிறகு, விலை 2,799. படத்தில் கழுத்தணியைப் பிடித்திருக்கும் கை மட்டும் அதே கை, சுண்டு விரலில் நீலக்கல் மோதிரம் போட்டது. அந்தக் கைக்கு உரியவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, அவர் படத்தையும் திருடித்தான் போட்டிருப்பார்கள். அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. கீழே ஒரு பெண் கம்பி ஒடிகிறது என்று எழுதியிருந்தார். “கை பழகினால் சரியாகிவிடும் மேடம்” என்று அதற்குப் பதில் போட்டிருந்தார்கள்.