டைம் மெஷின்: பழைய பேக்கப்பை நகலெடுப்பதா, புதிதாகத் தொடங்குவதா?

மேக் கணினியோடு வரும் பேக்கப் வசதிதான் டைம் மெஷின். அதற்கு வைத்திருந்த 1 டிபி டிரைவ் நிரம்பி, 4 டிபி டிரைவ் வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பழைய வரலாற்றையும் கூடவே கொண்டுபோகத்தான் மனம் கேட்கும். டிரைவில் கோப்புகளைச் சேமிக்கும் ஆப்பிளின் பழைய வடிவமான எச்எஃப்எஸ் பிளஸ் காலத்தில் அது முடிந்தது. மாறாத கோப்புகளை மறுபடி சேமிக்காமல் ஹார்டு லிங்க் (ஏற்கெனவே சேமித்த கோப்பையே சுட்டும் இணைப்பு) போட்டு வைக்கும் முறை அது; நேரம் பிடித்தாலும் மேக்கில் கோப்புகளைத் திறந்து பார்க்கும் ஃபைண்டரிலேயே நகலெடுத்துவிடலாம். ஆனால் 2020இல் வந்த மேக்ஓஎஸ் பதிப்பான பிக் சர் முதல், புதிய டிரைவில் ஏபிஎஃப்எஸ் என்ற புதிய வடிவத்தின் ஸ்னாப்ஷாட்களாகத்தான் (ஒரு நேரத்து நிலையை அப்படியே உறையவைத்த பதிவுகள்) பேக்கப் அமைகிறது. அதை இழுத்துப் போட்டு நகலெடுக்க முடியாது. பழைய வடிவத்தை இதற்கு மாற்ற ஆப்பிள் வழியும் தரவில்லை.

புதிதாகத் தொடங்குவது எளிது. முதல் பேக்கப்புக்குச் சில மணி நேரம் ஆகும், அப்புறம் மாற்றங்கள் மட்டுமே. குறியாக்கம் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) வேண்டுமானால் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுங்கள்.

என் ஓட்டு இதற்குத்தான். பழைய டிரைவை அமைப்புகளிலிருந்து நீக்கிப் பத்திரமாக வையுங்கள். பட்டியலில் விட்டால் டைம் மெஷின் இரண்டிலும் மாறிமாறி எழுதும். இடம் தீரும்போது மிகப் பழைய பேக்கப்பை அழிக்கும், நாம் காப்பாற்ற நினைப்பதோ அதைத்தான்! என்றோ அழித்த படம் தேவைப்பட்டால் அந்த டிரைவை இணைத்து, ஆப்ஷன் விசையை அழுத்தியபடி டைம் மெஷின் மெனுவைத் திறந்தால் போதும். மற்ற பேக்கப் டிரைவ்களைப் பார்க்கும் வசதி அங்கே இருக்கிறது.