லினக்ஸ் மின்டில் தமிழ் வேலை: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதிலிருந்து, நன்றாக ஓடும் பழைய மடிக்கணினியை என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் பலர் கேட்கிறார்கள். அப்படி ஒரு மடிக்கணினியில்தான் வருடக்கணக்காக, விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் வைத்துத் தமிழில் எழுதுகிறேன், மெய்ப்புப் பார்க்கிறேன். தோற்றத்தை மாற்றுவது, ஐகான் அழகு பார்ப்பது எல்லாம் அப்புறம். முதல் வாரத்தில் இரண்டு வேலையை முடித்துவிடுங்கள்: கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழி, தமிழ் ஒழுங்காக வர வழி.

முதலாவதற்கு டைம்ஷிப்ட் என்ற மென்பொருள் இருக்கிறது. மின்டோடு சேர்ந்தே வருகிறது. தினமும் ஒரு பிரதி எடுத்து, கடைசி நான்கைந்தை மட்டும் வைத்திருக்கச் சொன்னால் போதும். மாறாத கோப்புகளைத் திரும்ப நகலெடுக்காது என்பதால் முதல் பிரதிதான் இடத்தைப் பிடிக்கும். ஒருமுறை அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுப்பாகவே நின்றது. நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவில் கணினியைத் துவக்கி, அதிலிருந்த டைம்ஷிப்டைத் திறந்து முந்தைய நாளுக்குத் திரும்பினேன். ஆவணங்கள் அப்படியே இருந்தன. அந்தப் பென் டிரைவை அழிக்காமல் மேசையில் வைத்திருங்கள்.

ஆனால் டைம்ஷிப்ட் காப்பது இயங்குதளத்தை மட்டும்தான். உங்கள் ஹோம் கோப்புறையை அது இயல்பாகவே விட்டுவிடும். படங்களும் கட்டுரைகளும் பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் பேக் இன் டைம் போன்ற பேக்கப் மென்பொருள் ஒன்றை நிறுவி, வெளி ஹார்டு டிஸ்க்குக்குத் தனியாக பேக்கப் எடுக்க வேண்டும். இன்னொன்று, டைம்ஷிப்ட் பிரதிகளையும் வெளி டிஸ்க்கில் வைக்க நினைத்தால் அது இஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் வடிவத்தில் இருக்க வேண்டும். கடையில் வாங்கியபடியே செருகினால் பெரும்பாலும் ஏற்காது.

சரி, தமிழுக்கு வருவோம். தட்டச்சு முறையை மாற்ற உதவும் ஐபஸ் மென்பொருள், அதோடு தமிழ் விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் பொதி, இரண்டையும் நிறுவினால் தமிழ்99, தட்டச்சுப்பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை எல்லாம் பட்டியலில் வந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் தமிழ்99-ஐத்தான் சொல்வேன். 'அம்மா' என்று அடிக்கப் புள்ளியைத் தேட வேண்டாம். மகரத்தை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். பக்கம் பக்கமாக அடிக்கிறவர்களின் விரலுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

லிப்ரேஆபிஸில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எழுத்துருவை மாற்றி வைத்தும் தமிழ் மட்டும் வேறு உருவிலேயே வருகிறது என்பார்கள். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் அதில் தனித்தனி எழுத்துரு அமைப்பு. டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், லாங்குவேஜஸ் பக்கத்தில் சிடிஎல் (காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட், தமிழ் போன்ற எழுத்துகளுக்கான அமைப்பு) என்பதை இயக்குங்கள். பிறகு ரைட்டருக்கான சிடிஎல் எழுத்துருவாக நோட்டோ தமிழ் எழுத்துரு ஒன்றைக் கொடுத்துவிட்டால் அடுத்து திறக்கும் புதிய கோப்பு எல்லாமே சீராக இருக்கும்.

ஸ்கேன் செய்த பக்கத்திலிருந்து எழுத்தை எடுக்க ஜிஇமேஜ்ரீடர் போதும். உள்ளே வேலை செய்வது டெசராக்ட் என்ற, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள். அதன் தமிழ்ப் பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்த தெளிவான அச்சென்றால் நிறைய நேரம் மிச்சம். மை மங்கிய பழைய புத்தகங்களில் திருத்துவதைவிடத் தட்டச்சு செய்வதே மேல்.

போனுக்கும் கணினிக்கும் கோப்பு மாற்ற கேடிஇ கனெக்ட் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், கேபிள் தேவையில்லை. நினைவகம் 4 ஜிபி மட்டும் என்றால் மின்டின் சின்னமன் பதிப்பைவிட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகுவாக இருக்கும். அதைவிட, பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது கொடுக்கும் வேகத்தை எந்த மென்பொருளும் கொடுக்காது.

குறைகளும் உண்டு. ஃபோட்டோஷாப் இல்லாமல் முடியாது என்பவர்கள் மாற வேண்டாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்து வேலை செய்கிறவர்கள், அதற்கு லினக்ஸ் மென்பொருள் தருகிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரின்டர் வாங்கப் போனால் ஏர்பிரின்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் ஆதரவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிரைவரே தேவைப்படாது. அது இல்லாத ஒரு பிரின்டர் என் வீட்டில் இன்னும் விண்டோஸ் கணினியோடுதான் இணைந்திருக்கிறது.