காசிமேட்டுத் தொழிலில் ஐபோனும் ஆண்ட்ராய்டும்: பல வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

காசிமேடு துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து ஓட்டல்களுக்கும் சில்லறைக் கடைகளுக்கும் அனுப்புவது எங்கள் தொழில். என்னிடம் ஐபோன், தம்பியிடம் ஆண்ட்ராய்டு. பல வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. ஆர்டர் வருவது, விலை பேசுவது, பணம் வாங்குவது எல்லாமே போனில்தான். அதனால் எது நல்ல போன் என்று யாராவது கேட்டால் நான் கேமராவைப் பற்றிப் பேச மாட்டேன். விடியற்காலை ஏல நேரத்தில் மெசேஜ் உடனே வருகிறதா, போன் படுத்துவிட்டால் எவ்வளவு சீக்கிரம் வேலைக்குத் திரும்ப முடிகிறது, இந்த இரண்டைத்தான் பார்ப்பேன்.

முதலில் மெசேஜ். தம்பி முன்பு வைத்திருந்த ஆண்ட்ராய்டு போனில் (எந்த கம்பெனி என்பது வேண்டாம்) திரை அணைந்து கொஞ்ச நேரம் ஆனால் வாட்ஸ்அப் சத்தமே போடாது. ஒரு ஓட்டலிலிருந்து வஞ்சிரம் கேட்டு மெசேஜ் வந்திருக்கிறது. போன் சட்டைப்பையில்தான் இருந்தது. ஏலம் முடிந்து, பெட்டிகளில் ஐஸ் போட்டு அடுக்கிய பிறகு திரையைத் திறந்தான். எல்லா மெசேஜும் மொத்தமாக வந்து கொட்டின. "டவர் இல்லன்னு நெனச்சேன்ணா" என்றான். டவரில் ஒரு குறையும் இல்லை. பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணியில் ஓடும் ஆப்களைப் போனே நிறுத்திவைக்கிறது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-லேயே கூகுள் இதற்கு ஒரு முறை வைத்தது. அது அளவான முறை. அவசர மெசேஜ்களுக்கு வழிவிடும். அதன் மேல் சில போன் கம்பெனிகள் தங்கள் பங்குக்கு இன்னும் கடுமையாக இறுக்குகின்றன. ஆப்பை முழுதாக நிறுத்திவிட்டால், மறுபடி நாம் திறக்கிற வரைக்கும் கூகுளின் சர்வர் அனுப்பும் அறிவிப்பு அதைப் போய்ச் சேராது.

சரிசெய்ய வழி இருக்கிறது. செட்டிங்ஸில் வாட்ஸ்அப்பைத் திறந்து, பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும். சில போன்களில் ஆட்டோ ஸ்டார்ட் என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் போட வேண்டும். தம்பிக்கு அதன் பிறகு பிரச்சினை போய்விட்டது. ஆனால் மீன் வியாபாரம் செய்கிறவர் இதையெல்லாம் தேடிப் பிடித்துச் செய்ய வேண்டும் என்பதே எனக்கு வருத்தம்தான். ஐபோனில் எல்லா ஆப்களின் அறிவிப்பும் ஆப்பிளின் ஒரே வழியில்தான் வருகிறது. போனைச் செய்தவரும் மென்பொருளைச் செய்தவரும் ஒருவரே என்பதால் நடுவில் கைவைக்க வேறு ஆள் இல்லை. என் ஆர்டர்கள் நேரத்துக்கு வந்துவிடுகின்றன.

ஈரக் கையிலும் ஐபோனுக்குத்தான் என் ஓட்டு. மீன் தொட்ட விரலில் பிசுபிசுப்பும் செதிலும் ஒட்டியிருக்கும்போது கைரேகை சென்சார் ஏற்காது, எந்த கம்பெனி போனாக இருந்தாலும் இதேதான். முகம் பார்த்துத் திறப்பது அங்கே பெரிய உதவி. ஆனால் திறந்த பிறகு? உப்புத்தண்ணீர் பட்ட திரையில் விரல் ஒரு பக்கம் போனால் எழுத்து இன்னொரு பக்கம் விழும், இரண்டு போனிலும். இடுப்பில் ஒரு காய்ந்த துணி சொருகிக்கொள்வதுதான் வழி. ஐபி68 (தண்ணீர் தாங்கும் தரம்) என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி உப்புத்தண்ணீரில் காட்டாதீர்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. எங்கள் பக்கக் கடல்காற்றுக்கே சார்ஜ் போடும் ஓட்டையில் பச்சைப் பாசி மாதிரி பூத்துவிடும்.

இனி ஆயுள். ஒரு போன் உடையாமல் இருந்தாலும் மென்பொருள் செத்தால் அதுவும் செத்ததுதான். விண்டோஸ் போன் வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும்: கருவி கல் மாதிரி இருந்தது, ஆனால் 2019 டிசம்பர் 31-ஓடு வாட்ஸ்அப் அதில் நின்றுபோனது. பிளாக்பெர்ரியின் பழைய போன்களுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4-இல் நிறுத்தப்பட்டன. ஐபோன் 6எஸ் 2015-இல் ஆப்பிளின் போன் மென்பொருளான ஐஓஎஸ் 9-உடன் வந்தது. 2021-இல் ஐஓஎஸ் 15 வரை அதற்குக் கிடைத்தது. ஆண்ட்ராய்டில் அப்டேட் கூகுளிடமிருந்து கிளம்பி, சிப் செய்கிறவர், போன் செய்கிறவர் என்று கைமாறித்தான் நம்மிடம் வரும். விலை குறைந்த போன்களைச் சீக்கிரம் கைவிட்டுவிடுகிறார்கள். இப்போது நிலைமை மாறுகிறது. 2023-இல் பிக்சல் 8-க்கு கூகுளும், 2024-இல் எஸ்24 வரிசைக்கு சாம்சங்கும் ஏழு வருஷம் அப்டேட் தருவதாக அறிவித்தன. மற்ற மாடல்களில் எத்தனை வருஷம் என்று வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

வந்த அப்டேட் எல்லாம் நல்லது என்றும் இல்லை. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது, பேட்டரி மாற்றும் கட்டணத்தையும் குறைத்தது. போன் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றார்கள். காரணம் நியாயமாகவே இருக்கட்டும், பணம் கொடுத்து வாங்கியவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் குறை போக, இவ்வளவும் ஐபோன் பக்கம். ஆனால் எங்கள் கடை நம்பர் இருப்பது தம்பியின் ஆண்ட்ராய்டில்தான், அதை மாற்ற எனக்கு எண்ணமில்லை. காரணம் ரிப்பேர். என் போன் ஐஸ் பெட்டி மேல் விழுந்து திரை நொறுங்கியபோது பர்மா பஜாரில் விசாரித்தேன். கம்பெனித் திரையின் விலை கேட்டாலே கை பின்வாங்கும். வெளியார் செய்த திரை போட்டால், ஐபோன் 11-இலிருந்து வந்த மாடல்கள் இந்தப் பாகம் தனக்குத் தெரியாதது என்று செட்டிங்ஸில் காட்டும். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறும் வசதியும் போய்விடலாம். தம்பி போனுக்குத் திரை மாற்றியது ஒரு டீ குடிக்கிற நேரம். அது போக, அவன் போனில் இரண்டு சிம்மும் கையில் எடுக்கிற சிம்தான். போன் படுத்தால் கழற்றி, வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு பழைய ஆண்ட்ராய்டில் போட்டால் ஆர்டர் எடுக்க ஆரம்பித்துவிடலாம். ஐபோனில் இரண்டாவது நம்பரை இ-சிம்மாக (போனுக்குள்ளேயே பதிவாகிற சிம்) வைத்திருப்பவருக்கு அப்படிக் கழற்ற எதுவும் இல்லை.

விலைத் தகராறு வந்தால் பேசியதன் பதிவு உதவும் என்பதும் ஒரு காரணம். பேசியதைப் பதிவு செய்யும் வசதி ஐபோனில் 2024 அக்டோபரில், ஐஓஎஸ் 18.1-இல்தான் வந்தது. பதிவாகிறது என்று இரண்டு பக்கமும் சத்தமாகச் சொல்லும். அது நல்ல முறை என்பதுதான் என் எண்ணம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இரண்டு போனும் ஒன்றுதான். கரண்ட் இல்லை, சிக்னலும் இல்லை. பவர் பேங்க் வைத்திருந்தவர் வீட்டில் டார்ச்சாவது எரிந்தது.

போன் மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. யூபிஐ ஆப்பைப் புதுப் போனில் பதியும்போது ஆண்ட்ராய்டில் ஆப்பே எஸ்எம்எஸ் அனுப்பிக்கொள்ளும். ஐபோனில் நாம்தான் அனுப்பு என்பதை அழுத்த வேண்டும், அதில் தானாக எழுதி வந்திருப்பதை மாற்றக்கூடாது. வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்தில் சேரும். ஆப்பிளின் ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபிதான். இந்த வேலைகளை ஏல நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தம்பியும் அப்போதுதான் மாற்றப்போகிறான், மறுபடியும் ஆண்ட்ராய்டுதான். அப்டேட் எத்தனை வருஷம் என்று கேட்டுவிட்டு மற்றதைப் பேசச் சொல்லியிருக்கிறேன்.