பத்தாவது படிக்கிற பையனுக்கு 65,000 ரூபாய் ஆபரேஷனாம்! மதுரைக்குப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் பிறந்த பையன் கடலில் குளிக்கச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்றால் அப்பனுக்குச் சந்தேகம் வர வேண்டும். எனக்கு வர ஒரு வருடம் ஆனது. சித்திரை வெயிலிலும் பனியனுக்கு மேல் இரண்டு சட்டை போட்டுத் திரிந்ததை ஸ்டைல் என்று நினைத்துவிட்டேன். கடைசியில் அவன் அம்மாவிடம் அழுதிருக்கிறான். மார்பு வீங்கியிருக்கிறது, பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள், ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று. மதுரையில் ஒரு கிளினிக்கையும் அவனே போனில் பார்த்து வைத்திருந்தான்.

போனோம். கோட்டு போட்ட ஒரு பெண் பேசினார். டாக்டர் என்றே நினைத்தோம், வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலராம். டாக்டர் தியேட்டரில் இருக்கிறார் என்றார்கள். நாங்கள் கிளம்பும் வரை அவர் வெளியே வரவே இல்லை. பையனைத் தொட்டுப் பார்க்காமலேயே "கைனகோமாஸ்டியா, கிரேடு இரண்டு" என்றார் அந்தப் பெண். ஆண்களுக்கு மார்பு வீங்குவதற்கு அதுதான் பெயராம், கிரேடு என்பது வீக்கத்தின் அளவாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பணம் கட்டினால் 65,000, தாண்டினால் 90,000. துணிக்கடைத் தள்ளுபடி மாதிரி! வயது 15தான் என்றேன். "நீங்க கையெழுத்துப் போட்டா போதும் சார்."

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடக்கிறது. மனைவியின் வளையலை அடகு வைத்து 20,000 அட்வான்ஸ் கட்டினேன்.

பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் பிள்ளை இருக்கிறது. "ஏன் மாமா, ரத்தம்கூடவா எடுக்கல?" என்று அது கேட்ட பிறகுதான் உறைத்தது. ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அங்கே டாக்டர் பையனைப் படுக்க வைத்து அழுத்திப் பார்த்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறான், ஜிம்முக்குப் போய் ஊசி, பவுடர் ஏதும் எடுக்கிறானா என்று கேட்டார். ஈரல், தைராய்டு, விரைக்கோளாறுகளாலும் இப்படி வருமாம். அதையெல்லாம் பார்த்து ரத்தப் பரிசோதனையும் முடித்த பிறகு சொன்னார்: வயதுக்கு வரும்போது ஹார்மோன் ஏறி இறங்குவதால் ஏராளமான பையன்களுக்கு வருகிறது, பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள் தானாகவே வற்றிவிடும். வற்றாவிட்டால் வளர்ச்சி ஓய்ந்த பிறகு ஆபரேஷன் செய்யலாம், தப்பில்லை. அவசரப்பட்டுச் செய்தால் மறுபடி வீங்கவும் கூடும். நெஞ்சில் பள்ளம் விழுவது, தழும்பு, மரத்துப் போவது இதெல்லாமும் உண்டாம். இதில் ஒரு வார்த்தைகூடக் கவுன்சிலர் வாயில் வரவில்லை.

அட்வான்ஸைக் கேட்டால், திருப்பித் தர மாட்டோம் என்று படிவத்தில் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது, எறும்பு எழுத்தில். டாக்டர் பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. அதை நான் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். உங்கள் பிள்ளையோடு போனால் முதலில் டாக்டரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். சொல்ல இழுத்தால் அப்படியே பஸ் ஏறிவிடுங்கள்.

பையன் இப்போதும் பனியனோடுதான் கடலில் இறங்குகிறான். இறங்கட்டும், நான் ஒன்றும் சொல்வதில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியாயிற்று. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்; கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வாய்தா வருவதற்குள் தடைக்காலம் முடிந்திருக்கும். ஒருநாள் தொழிலை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.