பாரீசில் நான்கு நாள் வாடகைக் கார்

2025 மே மாதம் அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய் வந்தேன். அக்கா குடும்பம் பாரீசுக்கு வடக்கே சார்செலில் இருக்கிறது. மாமாவின் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அந்த வழியில் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அம்மாவுக்கு வயது 71, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. லிசியூ என்ற ஊருக்குப் போய் சிறுமலர் தெரேசம்மாள் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாரீசிலிருந்து ரயில் உண்டு. ஆனால் இரண்டு இடத்தில் மாறி, படி ஏறி இறங்கி அவரால் முடியாது. மாமாவின் வண்டி அவர் வேலைக்கு வேண்டும். அதனால் நானே நான்கு நாளுக்கு ஒரு கார் வாடகைக்கு எடுத்தேன். புதுச்சேரி நெல்லித்தோப்பில் இருந்துகொண்டு தினமும் இந்திரா காந்தி சிலை சிக்னலைத் தாண்டுகிறவன் நான், இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறேன். அந்த அனுபவத்தில் எது உதவியது, எது உதவவில்லை என்று நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வேலை இங்கேயே தொடங்கிவிடுகிறது. முதலியார்பேட்டை ஆர்டிஓ ஆபீசில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும். பாஸ்போர்ட், லைசென்ஸ் கொண்டுபோக வேண்டும். கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். அது தனியாகச் செல்லாது, நம் லைசென்சும் கையில் இருக்க வேண்டும். கவுன்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்கள்.

அதைவிட முக்கியம் கிரெடிட் கார்டு. டெபிட் கார்டை வாங்க மாட்டேன் என்றார்கள். அதோடு, யார் ஓட்டுகிறாரோ அவர் பேரில்தான் கார்டு இருக்க வேண்டும். எனக்குப் பக்கத்துக் கவுன்டரில் நம் நாட்டுக்காரர் ஒருவர், மனைவியின் கார்டைக் காட்டி அரைமணி நேரம் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. என் கார்டில் 1200 யூரோ டெபாசிட்டாக நிறுத்தி வைத்தார்கள். பணத்தை எடுக்கவில்லை, ஆனால் அந்த அளவு லிமிட் நமக்கு இல்லாமல் போய்விடும். கிளம்பும் முன்பே வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, லிமிட்டையும் பார்த்துவிடுங்கள்.

சார்ல் து கோல் விமான நிலையத்திலேயே வண்டி எடுத்தோம். சார்செல் அங்கிருந்து பக்கம்தான். நான் பதிந்திருந்தது சின்ன ரெனோ கிளியோ, கை கியர். கவுன்டர் பையன், அதே விலைக்குப் பெரிய வண்டி தருகிறேன் என்றான். அக்கா போனிலேயே எச்சரித்திருந்தாள்: "தம்பி, பெரிய வண்டி குடுத்தா வாங்காத. பாரீசுல நிறுத்தவே காசு சரியாப் போயிடும்." உண்மைதான். 2024 அக்டோபர் முதல் 1.6 டன்னுக்கு மேல் எடையுள்ள பெட்ரோல், டீசல் வண்டிகளை வெளியாட்கள் பாரீசின் நடுப்பகுதித் தெருக்களில் நிறுத்தினால் மணிக்கு 18 யூரோ. சின்ன வண்டிக்கு 6 யூரோ. நான் கிளியோவையே கேட்டு வாங்கினேன், நான்கு பேருக்கு அது தாராளம்.

ஓட்டுவதைச் சொல்கிறேன். ஸ்டியரிங் இடப்பக்கம், போவது வலப்பக்கம். சாலை மாறுவது நான் பயந்த அளவு கஷ்டம் இல்லை, முன்னால் போகும் வண்டியைப் பார்த்துப் போய்விடலாம். கைதான் கேட்கவில்லை. இரண்டாவது கியர் போட இடது கையை நீட்டினால் கதவில் இடிக்கிறது. திரும்ப இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடுகிறது, ஏனென்றால் என் ஸ்விஃப்டில் வலப்பக்கம் இருக்கும் குச்சி இதில் இடப்பக்கம். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றும் நம் வரிசைதான். விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடத்திலேயே இருபது நிமிடம் மெதுவாகச் சுற்றி, ரிவர்ஸ் எடுத்துப் பழகினேன். அந்த இருபது நிமிடத்தை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

உண்மையில் பழக வேண்டியது வேறு. போர்டோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. நாம் பெரிய தெருவில் போகிறோம், அவர் சின்னச் சந்திலிருந்து வருகிறார் என்பதெல்லாம் கணக்கே இல்லை. மஞ்சள் சாய்சதுரப் பலகை, சுற்றி வெள்ளை ஓரம், இது இருந்தால் வழி நமக்கு. அதே பலகையில் கறுப்புக் கோடு குறுக்கே போட்டிருந்தால் அந்த உரிமை முடிந்தது. சார்செலில் முதல் நாள் மாலை, பேக்கரி பக்கமிருந்து வந்த ஒரு வெள்ளை வேனுக்கு நான் நிற்கவில்லை. அந்த ஆள் ஹாரன்கூட அடிக்கவில்லை. பிரேக் போட்டு நின்று என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். ஊருக்குள் ஆபத்து என்றால் மட்டுமே ஹாரன் அடிக்கலாம் என்பது அங்கே சட்டம். நம் ஊரில் சந்து முனையில் ஹாரன் சத்தத்தைக் கேட்டுத்தான் நாம் நிற்கிறோம். அங்கே சத்தம் வராது, கண்தான் வேலை செய்ய வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு சந்திப்பிலும் அம்மா பின்சீட்டிலிருந்து "வலப்பக்கம் பாருப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அது பெரிய உதவி.

பாரீசைச் சுற்றி 35 கிலோமீட்டருக்கு ஒரு வட்டச் சாலை இருக்கிறது, பெரிஃபெரிக். அதிலும் வலப்பக்கமிருந்து உள்ளே நுழைகிறவருக்குத்தான் வழி. 2024 அக்டோபரிலிருந்து அங்கே வேகம் 50. நகருக்குள் பெரும்பாலான தெருக்களில் 30.

சனிக்கிழமை லா ஷப்பேலுக்குக் காரிலேயே போனோம். தமிழ்க் கடைகள், சேலைக் கடைகள், கறிவேப்பிலை வாசனை எல்லாம் உள்ள அந்தத் தெரு அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எனக்கு நாற்பது நிமிடம் வண்டி நிறுத்த இடம் தேடியதுதான் நினைவிருக்கிறது. கடைசியில் ஒரு பாதாள பார்க்கிங். இறங்கும் வழி வளைந்து, இரண்டு பக்கமும் கான்கிரீட் திண்டு, கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் மட்டும் ரயிலில் போனோம். கார்ஜ் சார்செல் ஸ்டேஷனில் ஏறி கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கினால் அங்கிருந்து நடைதான். அப்போது, 2025-இல், ஒரு ஆளுக்கு 2.50 யூரோ ஆனது. பாரீசுக்குள் போக மட்டும் கார் எடுக்கவே எடுக்காதீர்கள் என்று அடித்துச் சொல்வேன்.

லிசியூ போன நாள் வேறு மாதிரி. சுமார் 200 கிலோமீட்டர், ஏ13 நெடுஞ்சாலை. காய்ந்த நாளில் 130, மழை பெய்தால் 110. போகும்போது தூறியது, எல்லாரும் தானாகவே வேகத்தைக் குறைத்தார்கள், அதைப் பார்க்கவே நன்றாக இருந்தது. வழியில் எங்கும் டோல்கேட் இல்லை. இங்கேதான் கவனம் வேண்டும். இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சாலையில் கேட்டை எடுத்துவிட்டு, மேலே கேமரா வைத்து நம்பர் பிளேட்டைப் படிக்கிறார்கள். 72 மணி நேரத்துக்குள் நாமே இணையத்தில் நம்பரைப் போட்டுக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அபராதம் வாடகை நிறுவனத்துக்குப் போகும், அவர்கள் நம் விவரத்தைக் கொடுத்ததற்குத் தனிக் கட்டணமும் சேர்த்து நம் கார்டிலிருந்து எடுப்பார்கள். கவுன்டரில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா மகள் அன்றிரவே போனில் கட்டிக்கொடுத்தாள்.

கோயில் குன்றின் மேல் இருக்கிறது. அர்ச்சிப்பு, அதாவது கோயிலைப் புனிதப்படுத்தும் சடங்கு, நடந்தது 1954-இல், நம் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த அதே வருடம். வண்டியைப் பக்கத்திலேயே நிறுத்த முடிந்தது. அம்மா ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் ஜெபமாலையோடு உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு நாளுக்காக மொத்த வாடகையும் தகும்.

பெட்ரோல் போடும்போது பயம் வேண்டாம். ஐரோப்பா முழுக்க பெட்ரோலுக்கு வட்டக் குறி, டீசலுக்குச் சதுரக் குறி. டேங்க் மூடியின் உள்ளே என்ன குறி ஒட்டியிருக்கிறதோ அதே குறியுள்ள பம்பை எடுங்கள்.

என் குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. திரும்பும் விமானம் காலை என்பதால் ஐந்து மணிக்கே வண்டியை விட்டோம். ஆள் யாரும் இல்லை, சாவியைப் பெட்டியில் போட வேண்டியதுதான். ஊருக்கு வந்து மூன்று வாரம் கழித்து, முன் வலது சக்கர ரிம்மில் கீறல் என்று 190 யூரோவை கார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, வண்டி எடுத்த அன்றே நான்கு சக்கரத்தையும் குனிந்து வீடியோ எடுத்திருந்தேன். கட்டைவிரல் நீளக் கீறல் அதில் தெளிவாகத் தெரிந்தது, தேதியும் நேரமும் இருந்தது. நான்கு மின்னஞ்சல், பதினோரு நாள், பணம் திரும்பி வந்தது. வீடியோ இல்லாதவர் என்ன செய்வார் என்று நினைக்கும்போது இன்னும் கோபம் வருகிறது. விடும்போதும் அதே மாதிரி எடுங்கள், பெட்ரோல் முள்ளும் கிலோமீட்டரும் தெரிய ஒரு படம், சக்கரங்கள், கூரை எல்லாம்.

வண்டிக்கு 5-க்கு 5. சேவைக்கு 2 கொடுப்பேன். நான்கு நாள் வாடகை 212 யூரோ, பெட்ரோல் 48. அடுத்த முறை போனால் லிசியூ மாதிரி வெளியூர் போகும் நாளுக்கு மட்டும் எடுத்து, ஆள் இருக்கும் நேரத்தில் நின்று, அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பேன்.