முன்னுக்கு 185, பின்னுக்கு 195: டொல்பின் வேனுக்குச் சரிவருமா?

என் டொல்பின் வேன் (டொயோட்டா ஹையேஸ்) ஹட்டன் பக்கம் ஓடுகிறது. காலையில் பள்ளிப் பிள்ளைகள், சிவனொளிபாதமலை சீசனில் மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு வாடகை ஹயர். 2021இல் டயர் விலை ஏறி, கேட்ட அளவும் கிடைக்காத நேரம். பின்னுக்கு மட்டும் இரண்டு 195 ஆர் 14 டயர் (அகலம் 195 மில்லிமீட்டர், ரிம் 14 அங்குலம்) போட்டேன், முன்னுக்கு இருந்த 185 ஆர் 14 அப்படியே நின்றது. இரண்டு மழைக்காலம் அப்படி ஓட்டிவிட்டு, இப்போது நான்கிலும் 195 போட்டிருக்கிறேன். இனிக் கலப்புக்குப் போக மாட்டேன்.

கலப்பில் நன்மை இல்லாமல் இல்லை. பாரம் முழுக்கப் பின்னுக்குத்தான். 8 பிளை என்ற பலத் தரத்தில், பாரக் குறியீடு 102 என்று அடித்த 185 டயர் ஒன்று 850 கிலோ தாங்கும், 106 என்று அடித்த 195 டயர் 950 கிலோ. ஆள் நிறைந்து, மேலே கேரியரில் மூட்டையும் ஏறினால் அந்த வித்தியாசம் பின்பக்கம் தெரிகிறது. முன்னுக்கு 185 இருப்பதால் ஸ்டியரிங்கும் லேசு. ரிம் இரண்டு அளவுக்கும் ஒன்றே.

ஏற்றத்தில் வண்டி கொஞ்சம் சோம்பும். 195இன் விட்டம் சுமார் 16 மில்லிமீட்டர் கூட என்பதால் கியர் இரண்டரை வீதம் நீண்டுபோகிறது, அதாவது அதே எஞ்சின் சுற்றுக்கு வண்டி அவ்வளவு கூடத் தூரம் போகிறது, மீட்டர் 60 காட்டும்போது ஓடுவது 61.5. நான்கிலும் 195 போட்டாலும் இதே கதைதான், அதனால் இதைக் கலப்பின் குறையாகச் சொல்ல முடியாது.

என்னை மாற வைத்தது ஸ்பெயார் வீல். ஒரு வேனில் ஒரு ஸ்பெயார்தான். என்னுடையது 185. மஸ்கெலியா தாண்டி, மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை ஒட்டிய வளைவில், இரவு மழையில் பின் டயர் ஒன்று போனது. உள்ளே குழந்தைகளோடு ஒரு குடும்பம். 185ஐப் பின்னுக்கே மாட்டினேன். இரண்டு சக்கரத்துக்கும் சுற்றளவில் ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம். கிலோமீட்டருக்குச் சின்னது பதினொரு சுற்றுக்கு மேல் கூடச் சுழல வேண்டும். இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுவது டிஃபரென்ஷியல். சாதாரணமாக வளைவில் மட்டும் வேலை செய்கிற அதன் சின்னப் பற்சக்கரங்கள் நேர்ப்பாதையிலும் ஓயாமல் சுழன்றன. முன் 185ஐக் கழற்றிப் பின்னுக்குப் போட்டு, மிஞ்சிய 195ஐ முன்னுக்குக் கொண்டுவருவதுதான் முறை. ஆனால் அந்த இருட்டில், சரிவில், வண்டியை இரண்டு தரம் ஜாக்கில் தூக்க எனக்குத் துணிவு வரவில்லை. வந்தாலும், முன்னுக்கு ஒரு பக்கம் 185, மறுபக்கம் 195 என்று நின்றிருக்கும். 30க்கு மேல் போகாமல் நல்லதண்ணி வந்து சேர்ந்தேன்.

தேய்மானமும் அப்படியே. நம் வளைவுகளில் முன் டயரின் தோள்தான் முதலில் போகும். நான்கும் ஒரே அளவு என்றால் 8,000 கிலோமீட்டருக்கு ஒருதரம் முன்னதைப் பின்னுக்கு மாற்றிச் சமாளிக்கலாம். கலப்பில் அதற்கு வழியே இல்லை. என் 185 இரண்டும் ஓரம் மொட்டையானபோது பின் 195இல் பாதிக்கு மேல் பாக்கி. “தம்பி, மாத்திப்போட வழியில்ல, ரெண்டு புதுசு வாங்கத்தான் வேணும்” என்றார் டயர் கடை அண்ணன். வாங்குவதுதான் வாங்குகிறோம், 195ஆகவே வாங்கிவிட்டேன். ஸ்பெயாருக்கும் சேர்த்து மூன்று.

கீழ்நாட்டில் சமதரையில் சாமான் ஏற்றி ஓடுபவருக்குக் கணக்கு வேறாகலாம், எனக்கு அந்த ஓட்டம் பழக்கமில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் வேனில் மட்டும் கலப்பு வேண்டவே வேண்டாம், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது.

முன்னுக்கு 195 போடுகிறவர்கள் கடையை விட்டு இறங்கும் முன் ஆட்களை ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். எனக்கு இடப்பக்கம் உள்மட்கார்டில் உரசியது. தகட்டின் விளிம்பைத் தட்டி மடக்கிய பிறகு சத்தம் இல்லை.